அந்த 14 நொடிக்கு முன்னால் என்ன நடந்தது? - வைரல் வீடியோக்கள் நம்மைப் பேச வைப்பதும், பேச விடாமல் செய்வதும்!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இதற்கு முன் நான் வேலை பார்த்த இணையதளத்தின் டெஸ்க்கில் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறுவதற்குள் போனில் அந்த வீடியோ வந்துவிட்டது. வெறும் 14 நொடி. சாலையோர டிபன் கடை ஒன்றில், கடைக்கார அக்கா ஒரு முதியவர் மீது வாளித் தண்ணீரை வீசுகிறார். "இனிமே இந்தப் பக்கமே வராதய்யா" என்று கத்துகிறார். நனைந்த வேட்டியோடு அந்தப் பெரியவர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான்.

'பசியோடு வந்த முதியவர் மீது தண்ணீரை ஊற்றிய பெண்'. வீடியோவோடு சேர்ந்து வந்த வரி இது. நான் செய்தது என்ன தெரியுமா? அந்த வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்த்து அப்படியே பக்கத்தில் ஏற்றினேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் நம் மீது பழி வராது என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு.

மதியத்துக்குள் கமென்ட்கள் கொட்டின. 'இந்தக் கடையைப் பூட்டுங்க', 'காசு வந்தா மனுஷத்தன்மை போயிடும்', 'பெத்த அப்பனா இருந்தா இப்படிச் செய்வாளா?' யாரோ கடை போர்டில் இருந்த போன் நம்பரைப் பெரிதாக்கிப் போட்டார்கள். இன்னொருவர் அந்த அக்காவின் சாதியைத் தேட ஆரம்பித்தார். அதற்குள் பேச்சு அந்தப் பெரியவரை விட்டு வெகுதூரம் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒரு போன். காலேஜ் படிக்கும் பெண்ணின் குரல். "அக்கா, நீங்க போட்டிருக்கிற வீடியோவை எடுத்துடுறீங்களா? அம்மா மூணு நாளா கடை போடல. போனை ஆஃப் பண்ணி வச்சுட்டு அழுதுட்டே இருக்காங்க" என்றார். கூடவே இன்னொரு வீடியோவையும் அனுப்பினார். கடைக்கு எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பின் சிசிடிவி பதிவு. அதில், பெரியவர் அடுப்புக்கு அருகே குனிகிறார். வேட்டி முனையில் தீப்பிடிக்கிறது. அவருக்கே அது தெரியவில்லை. கடைக்கார அக்கா பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளியை எடுத்து ஊற்றுகிறார். நாங்கள் பார்த்த 14 நொடி அங்கிருந்துதான் தொடங்கியது. 'இந்தப் பக்கம் வராதய்யா' என்று அவர் கத்தியது அடுப்புப் பக்கத்தைக் காட்டி.

நான் போட்ட வீடியோவை உடனே எடுத்துவிட்டேன். விளக்கமும் போட்டோம். முதல் வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். விளக்கம் சில ஆயிரங்களோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் எடுத்தாயிற்று. மற்றவர்கள் பக்கங்களில் அந்த 14 நொடி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த வீடியோ பொய் இல்லை. மார்ஃபிங் இல்லை, ஏஐ இல்லை. தண்ணீர் ஊற்றியது உண்மை, கத்தியது உண்மை. ஆனால், எங்கே தொடங்குகிறது என்பதும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதும் சேர்ந்து, ஊர் முழுக்க என்ன பேச வேண்டும் என்று தீர்மானித்துவிட்டன.

இது ஒரு டிபன் கடைக்கு நடந்தது. இதுவே ஒரு மாநிலத்துக்கு நடந்தால்? நடந்திருக்கிறது, 2023 மார்ச்சில்.

திருப்பூரும் இரண்டு வீடியோக்களும்

என் சொந்த ஊர் திருப்பூர். மாமா அங்கே சின்னதாக பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். தைப்பவர்களில் பாதிப்பேர் பீகார் பையன்கள். நான் அப்போது ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன்.

கதை அந்த வருட ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. வடமாநில இளைஞர்கள் கூட்டமாகச் சிலரை விரட்டும் ஒரு வீடியோ திருப்பூரிலிருந்து பரவியது. 'வடநாட்டுக்காரர்கள் தமிழர்களை அடிக்கிறார்கள், நாளை நம் ஊரே நமக்கு இல்லை' என்ற வரியோடு எல்லா குரூப்பிலும் வந்தது. விசாரித்தபோது தெரிந்தது, அது டீக்கடையில் சிகரெட் புகையை ஊதியதில் ஆரம்பித்த தகராறு. ஆனால், அதற்குள் சமூக வலைதளங்களில் பேச்சு சிகரெட்டை விட்டு வேலைவாய்ப்பு, மொழி, மக்கள்தொகை என்று எங்கேயோ போயிருந்தது.

அடுத்த சில வாரங்களில் அலை அப்படியே திசை மாறியது. இந்தி பேசியதற்காகத் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று சொல்லி, ரத்தம் தெறிக்கும் வீடியோக்கள் வடமாநிலங்களில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. முதல்வர்கள் போனில் பேசிக்கொண்டார்கள். பீகார் அரசு நான்கு பேர் கொண்ட குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது.

அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு தானே ஒரு வீடியோவில் தோன்றி விளக்கினார். பரவிய வீடியோக்களில் ஒன்று, பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கு இடையே நடந்த மோதல். இரண்டிலும் தமிழர்கள் வடமாநிலத்தவரைத் தாக்கவில்லை. இரண்டும் நடந்த சம்பவங்கள். ஆனால், மேலே இருந்த வரி மட்டும் வேறு.

இதைவிட அதிர்ச்சி அடுத்து வந்தது. தலையில் கட்டுப்போட்ட தொழிலாளர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வதுபோல் ஒரு வீடியோ பரவியது. அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே விசாரித்து அறிவித்தது. அதைப் பரப்பிய யூடியூபர் கைது செய்யப்பட்டார்.

இதெல்லாம் செய்திகளில் வந்தது. எங்கள் மாமா யூனிட்டில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். மார்ச் முதல் வாரம் நான் ஊருக்குப் போனபோது, பையன்கள் மெஷினில் உட்காராமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் ஐந்து வருடமாக அதே தெருவில் இருப்பவன். அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனால், ஊரில் இருக்கும் அவன் அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிட்டார்.

"நான் என்ன சொன்னாலும் அந்தம்மா நம்ப மாட்டேங்குது கண்ணு. போன்லயே அழுவுது. பெத்தவ அழறப்ப நான் என்னன்னு பேசி நிறுத்தறது?" என்றார் மாமா.

மார்ச் 8-ம் தேதி ஹோலி. எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த வருடம் போவதா வேண்டாமா என்று இருந்தவர்களும் கிளம்பினார்கள். மாமாவின் யூனிட்டில் பாதி மெஷின் ஓடவில்லை. ஆர்டர் கெடு தள்ளிப்போனது. போனவர்களுக்கும் அத்தனை நாள் கூலி போச்சு. தங்கிவிட்ட இரண்டு பையன்கள் சாயங்காலம் கடைக்குக்கூட வெளியே போகவில்லை. ஜனவரியில் தமிழர்களைப் பயமுறுத்திய ஊர், மார்ச்சில் பீகாரிகளைப் பயமுறுத்தியது. இரண்டு முறையும் தெருவில் நடந்ததைவிட, போனில் பார்த்ததுதான் ஆட்களை ஓட வைத்தது.

பொய்க்குக் கால் முளைப்பது எப்படி?

'உண்மை செருப்புப் போடுவதற்குள் பொய் ஊரைச் சுற்றிவிடும்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த செய்திகளை ஆராய்ந்து, 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவிகிதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் தேவைப்பட்டது.

இதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமோ என்று அவற்றை நீக்கிவிட்டும் கணக்குப் போட்டார்கள். முடிவு மாறவில்லை. பரப்பியது நம்மைப் போன்ற மனிதர்கள்தான். பொய் புதிதாக இருக்கிறது, ஆச்சர்யமும் அருவருப்பும் ஊட்டுகிறது. 'இது உனக்குத் தெரியுமா?' என்று நாலு பேரிடம் முதலில் சொல்லும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

செயலிகளின் பங்கும் சாதாரணமானது அல்ல. ஃபேஸ்புக்கில் 'லைக்' தவிர கோபம், சிரிப்பு, அழுகை என்று முகங்கள் இருக்கின்றன அல்லவா? 2017-ல், ஒரு 'லைக்'கைவிட இந்த முகங்களுக்கு ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, அதன்படி பதிவுகளை மேலே தள்ளியது அந்த நிறுவனம். கோப முகத்துக்கும் அதே ஐந்து மடங்கு. அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021-ல் வெளியானபோதுதான் இது வெளியே தெரிந்தது. அந்த ஆவணங்கள் வெளியாகும் முன்பே கோப முகத்தின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். ஆனால் கோபம் நன்றாக ஓடும் என்பதை, வீடியோ போடுகிற எல்லோரும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டோம். 'முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடிக்கணும்' என்பதுதான் டெஸ்க்கில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். மூன்று நொடியில் பிடிக்கக்கூடியது நிதானமான விளக்கம் அல்ல. அடி, கத்தல், கண்ணீர், இவைதான்.

கத்தரித்த கடைசிக் காட்சி

பேச்சு கோபமாகி, கோபம் கையை ஓங்கினால் என்ன ஆகும் என்பதை 2018-ல் பார்த்தோம்.

பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சில நொடிகளில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, 'உங்கள் பிள்ளைகள் மீது கவனம் வையுங்கள்' என்ற அட்டையைக் காட்டுகிறார்கள். யாரோ அந்தக் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டார்கள். குழந்தையைத் தூக்கும் காட்சி மட்டும், 'பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் ஊருக்கு வந்துவிட்டது' என்ற வரியோடு இந்தியா முழுக்கச் சுற்றியது. ஒவ்வொரு ஊரிலும் அது அந்த ஊராகவே தெரிந்தது.

தமிழ்நாட்டிலும் அதே மாதங்களில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய ஆடியோக்களும் வீடியோக்களும் வாட்ஸ்அப்பில் நிறைந்திருந்தன. 2018 மே 9-ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன 65 வயதுப் பாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் சூழ்ந்துகொண்டது. அவர் வீடு திரும்பவில்லை. ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஒரே இடத்தில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள்.

அதன் பிறகுதான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 'ஃபார்வர்டடு' என்ற குறிப்பும் அப்போது வந்ததுதான். இன்று நம் போனில் இரட்டை அம்புக்குறியோடு ஒரு வீடியோ வந்தால், அது பலர் கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த அம்புக்குறிக்குப் பின்னால் சில உயிர்கள் போயிருக்கின்றன.

வீடியோ இல்லாவிட்டால்..?

'அப்படியானால் வீடியோவே எடுக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். அதற்குப் பதில் சாத்தான்குளம்.

2020 ஜூன் 19-ம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைப் போலீஸ் பிடித்துச் சென்றது; ஸ்டேஷனுக்குப் போன அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தது. சில நாள்களில் இருவரும் இறந்தார்கள். அவர்கள் தரையில் உருண்டு, தாங்களே காயப்படுத்திக்கொண்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. ஆனால், கடைப்பகுதியின் சிசிடிவி பதிவு வெளியானபோது, அப்படி யாரும் உருளவில்லை. எந்தச் சத்தமும் இல்லாத, யாரும் எடிட் செய்யாத, அந்தச் சாதாரணப் பதிவு அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருந்ததைக் கேள்வி கேட்டது. இந்தியா முழுக்கக் காவல் சித்திரவதை பற்றிப் பேச்சு எழுந்தது.

அதே நேரத்தில், நடந்ததை நேரில் பார்த்ததைப் போல வர்ணித்த ஒரு பிரபலத்தின் ஆங்கில வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. வழக்கை விசாரித்த சிபிசிஐடி, அதில் சொல்லப்பட்டவை மிகையானவை என்று சொன்னதும் அது நீக்கப்பட்டது. வழக்குக்கு உண்மையில் உதவியது எது தெரியுமா? காவல் நிலைய சிசிடிவி தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்த மாஜிஸ்ட்ரேட்டின் அறிக்கையும், இரவெல்லாம் அடித்தார்கள் என்று தைரியமாகச் சாட்சி சொன்ன தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலமும்தான். அவை எதுவும் ரீல்ஸில் வராது. பரவிய வீடியோ கதவைத் தட்டியது. உள்ளே போய் வேலை பார்த்தவர்கள் வேறு ஆள்கள்.

நல்ல வீடியோக்களுக்கும் இது பொருந்தும். கோவை ஆலாந்துறை அருகே வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019-ல் நாடே பார்த்தது. விறகடுப்பில் புகையோடு நின்றவருக்கு கேஸ் அடுப்பு வந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா சொன்னபடி, 2022 அன்னையர் தினத்தில் வீடும் வந்தது. சந்தோஷமான விஷயம். ஆனால், அந்த வீடியோவுக்குக் கீழே எத்தனை பேர், 'எண்பது வயதில் ஒரு பாட்டி ஏன் விடியற்காலையில் எழுந்து மாவு கரைக்க வேண்டும்? நம் தெருவில் இருக்கும் பாட்டிகள் எதை நம்பி வாழ்கிறார்கள்?' என்று கேட்டோம்? நான் கேட்கவில்லை. ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.

ஒரு வீடியோ ஒரு முகத்தைக் காட்டுகிறது. அந்த முகத்தின் மீது அன்பையோ ஆத்திரத்தையோ கொட்டிவிட்டால், பேச வேண்டியதைப் பேசிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. காவல் நிலைய சிசிடிவிகள் இன்று ஒழுங்காக வேலை செய்கின்றனவா, வெளிமாநிலத் தொழிலாளி எங்கே தூங்குகிறார் என்பதெல்லாம் அடுத்த வைரல் வந்ததும் மறந்துவிடும்.

ஃபார்வர்டு செய்யும் முன்...

அந்த டிபன் கடைச் சம்பவத்துக்குப் பிறகு, டெஸ்க்கில் நான் பழக்கிக்கொண்ட சில விஷயங்கள். வீட்டிலும் செய்யலாம்.

* முதல் நொடியைப் பாருங்கள். ஆள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தால், கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

* மேலே உள்ள வரியைக் கையால் மறைத்துக்கொண்டு வீடியோவை மட்டும் பாருங்கள். வரி சொல்வது வீடியோவில் உண்மையிலேயே தெரிகிறதா?

* கடை போர்டு, வண்டி நம்பர், பஸ் நிறம், போலீஸ் சீருடை, பேசும் மொழி இவற்றைக் கவனியுங்கள். சொல்லப்படும் ஊருக்குப் பொருந்துகிறதா?

* ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

* பார்த்ததும் ரத்தம் கொதிக்கிறதா? அப்போதுதான் பத்து நிமிடம் போனைக் கீழே வைக்க வேண்டும்.

* குழந்தைகளின் முகம், போன் நம்பர், வீட்டு முகவரி தெரியும் வீடியோ என்றால், உண்மையாகவே இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஃபேமிலி குரூப்பில் பெரியப்பாவோ சித்தியோ தவறான வீடியோ போட்டால், குரூப்பிலேயே 'இது ஃபேக்' என்று அடிக்காதீர்கள். பேரன் பேத்திகள் முன்னால் அவர்கள் முகம் சுருங்கும். அடுத்த முறை உங்கள் பேச்சை நம்ப மாட்டார்கள். தனியாக ஒரு போன் போட்டு, "பெரியப்பா, அது பழைய வீடியோவாம். நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இது பலித்தது.

மாமா யூனிட்டில் இருந்து கிளம்பிய பையன் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். இந்த முறை அவன் அம்மா தினமும் வீடியோ காலில் வருகிறார். மாமாவும் கையை ஆட்டி, தமிழிலேயே "நல்லா இருக்கான்மா" என்கிறார். அவருக்கு மொழி புரியாது. மகன் சிரிப்பது தெரிகிறது, அது போதும் அவருக்கு.

டிபன் கடை அக்காவும் ஒரு வாரத்தில் கடை போட்டுவிட்டார் என்று அவர் மகள் சொன்னார். மன்னிப்புக் கேட்க நேரில் போனேன். "சாப்டியா?" என்று கேட்டு, நாலு இட்லி வைத்தார். சற்றுத் தள்ளி, அடுப்புக்கு எட்டாத ஸ்டூலில், அந்தப் பெரியவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன் பையிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.